அறுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்

நோயியல் துறையில் சேர்ந்த புதிதில் எனக்கு மைக்ராஸ்கோப்பைக் கண்டு பயமில்லை, பேண்ட் சாவைக் கண்டுதான் பயம், வளையமாக ஓடும் பிளேடுள்ள எலும்பு ரம்பம் அது. வெட்டியெடுத்த உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கிற கிராஸிங் அறையின் மூலையில் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். சாதாரண நாட்களில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை கிடக்கும். உறையை எடுத்திருக்கிறார்கள் என்றால் பெரிய எலும்பு ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு நான் கையில் கிடைத்த ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நழுவப் பார்ப்பேன். நடக்காது. "டாக்டர், வாங்க, கால் வந்திருக்கு" என்று மூத்த டெக்னீஷியன் கூப்பிட்டுவிடுவார். துறையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எலும்பு அறுப்பதில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவரிடம் கற்றது, மீதி நானே தப்புச் செய்து கற்றது.

வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள், வெட்டி எடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு மறுபடியும் அறுக்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. குடலோ மார்பகமோ என்றால் நீளமான கத்தி ஒன்று போதும். எலும்பின் வெளிச்சுவர், நாங்கள் கார்டெக்ஸ் என்பது, கத்திக்கெல்லாம் அசைந்து கொடுக்காது, கட்டியோ அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்டியோசர்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய் அதிகமும் முழங்காலைச் சுற்றித்தான் வரும்: தொடை எலும்பின் கீழ்முனை, இல்லையென்றால் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. அது மஜ்ஜைக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, கார்டெக்ஸை உடைத்துக்கொண்டு தசைக்குள் வந்துவிட்டதா, மூட்டுக்குள் தலை நீட்டுகிறதா, சர்ஜன் வெட்டிய இடத்துக்கும் கட்டிக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் நல்ல எலும்பு மிச்சம், இத்தனைக்கும் பதில் வேண்டுமென்றால் எலும்பை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் ஒரே தளத்தில் பிளந்தாக வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு கீமோதெரபி கொடுத்திருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: கட்டியில் எவ்வளவு செத்திருக்கிறது? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் வேலை பார்த்த ஆண்ட்ரூ ஹியூவோஸின் பெயரில் ஒரு தர வரிசை இருக்கிறது, நான்கு படி. அதில் முக்கியமான கோடு 90 சதவீதம். அதற்கு மேல் செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது, கீழே என்றால் அவ்வளவாக இல்லை. இந்தச் சதவீதத்தைச் சொல்வதற்காக, கட்டியின் நடுவே போகிற ஒரு முழு ஸ்லாப்பை, சுமார் 5 மில்லிமீட்டர் கனத்தில், எடுத்து அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லாக் கட்டத்தையும் ஸ்லைடாகப் பார்க்கிறோம். ஸ்லாப் கோணலாகவோ ஓரிடத்தில் தடியாகவும் இன்னோரிடத்தில் காகிதம் மாதிரியும் வந்துவிட்டால் அந்தக் கணக்கும் கோணல்தான். அதனால் கை பத்திரமும் வெட்டின் சுத்தமும் எனக்கு எப்போதும் ஒரே விஷயமாகத்தான் தெரிந்திருக்கிறது. எலும்பு ஆடாமல் இருந்தால் இரண்டும் கிடைக்கும், ஆடினால் இரண்டும் போகும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதுவரை ஓடுகிற பிளேடின் பல்லைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தேன். பிளேடு பாவம், அது இருந்த இடத்திலேயேதான் ஓடுகிறது, எங்கும் நகராது. நகர்வது எலும்பு. எலும்பு உருண்டை, வழுக்கல், ஒரு முனை தடிமன், மறு முனை ஒல்லி. பேண்ட் சாவின் பிளேடு மேலிருந்து கீழே ஓடுவதால் எதை வைத்தாலும் அதை மேஜையோடு அழுத்தும். அடிப்பக்கம் தட்டையாக மேஜையில் ஒட்டி இருந்தால் அந்த அழுத்தம் நமக்கு உதவி. பிளேடு தொடுகிற இடத்துக்கு நேர் கீழே எலும்புக்கும் மேஜைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அதே அழுத்தம் எலும்பைக் கீழே இழுத்துச் சுழற்றும். மேலே பிடித்திருக்கிற விரலும் கூடவே போகும். கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது.

எனக்கு அது நடந்தது தொடை எலும்பின் தலையோடு. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் எடுத்து அனுப்புவார்களே, அந்தப் பந்து. சின்ன ஸ்பெசிமன்தானே, இதற்குப் போய் இறுக்கிப் பிடிக்கிற வைஸ் எல்லாம் எதற்கு என்று கையிலேயே பிடித்துத் தள்ளினேன். பாதி தூரம் அழகாகப் போனது. பிறகு டக்கென்று ஒரு சத்தம், பந்து கால் சுற்று சுற்றி பிளேடில் இறுக மாட்டிக்கொண்டது, மோட்டார் முனகியது. என் இடது கட்டைவிரலில் வெளிக் கையுறை கிழிந்து தொங்கியது, உள் கையுறை முழுசாக இருந்தது. அண்ணன் நிதானமாக வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய எலும்பு யாரையும் கடிக்கிறதில்ல டாக்டர், சின்னதுதான் கடிக்கும்" என்றார். பெரியதைப் பிடிக்க நான்கு பேர் யோசிப்பார்கள், சின்னதை யாரும் யோசிப்பதில்லை. அன்றிலிருந்து உருண்டை எது வந்தாலும் முதலில் வைஸில் இறுக்கி, கை ரம்பத்தால் அதற்கு ஒரு தட்டையான முகம் உண்டாக்கிக்கொண்டுதான் மெஷின் பக்கமே போகிறேன். இரண்டு நிமிஷம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

எலும்பு நீளமாக, அங்கங்கே வளைந்து இருந்தால் ஆட்டம் வேறு மாதிரி. கால் எலும்பை அப்படியே மேஜையில் கிடத்தினால் இரண்டு முனையும் தொடும், நடு உடம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தப் பள்ளத்தில் மரக்கட்டையோ ஆப்போ வைத்து அடைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். முழுக் காலாக வந்திருந்தால், கட்டிக்கு ரொம்பத் தள்ளி மேலேயும் கீழேயும் குறுக்கே அறுத்து, கையாளக்கூடிய நீளத்துக்குக் குறைத்துக்கொள்வேன். பாதம் தொங்கிக்கொண்டிருக்க ஒரு காலைத் தள்ளி அறுப்பது முட்டாள்தனம், அந்த எடையே எலும்பைத் திருப்பிவிடும்.

சரி, தலைப்பில் சொன்ன அரை மணி நேரத்துக்கு வருகிறேன். அறுப்பதற்கு மூன்று நிமிஷம் ஆகும், அதற்கு முன்னால் அரை மணி நேரம் வேறு வேலை. முதல் வேலை எக்ஸ்ரே. எக்ஸ்ரே இல்லாமல் எலும்பு அறுக்க மாட்டேன் என்பதில் நான் பிடிவாதக்காரி, சர்ஜனுக்கு நானே போன் போட்டு வாங்கிவிடுவேன். எந்தத் தளத்தில் பிளந்தால் கட்டி அதிகபட்சமாகத் தெரியும் என்பது படத்தில்தான் தெரியும். அதைவிட முக்கியம், உள்ளே உலோகம் இருக்கிறதா என்பது. எப்போதோ எலும்பு முறிந்து உலோகத் தகடு வைத்து, பிறகு தகட்டைக் கழற்றும்போது உடைந்த ஒரு ஸ்க்ரூவின் முனை உள்ளேயே நின்றிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இன்னோர் இடத்தில் வேலை பார்த்தபோது படம் பார்க்காமல் ஆரம்பித்து, பிளேடு ஸ்க்ரூவில் மோதி அறுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மூடி சரியாகப் பூட்டியிருந்ததால் அறுந்த பிளேடு உள்ளேயே சுருண்டு நின்றது. அந்த மூடியை "கழுவுவதற்குச் சிரமமாக இருக்கிறது" என்று சிலர் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மூட்டு மாற்றிய எலும்பு என்றால் உலோகத்தை முதலில் உருவிவிட வேண்டும், வரவில்லை என்றால் அதற்கு இரண்டு பக்கமும் அறுத்துக்கொள்வதோடு சரி, அதன் வழியாகப் போகக் கூடாது.

அடுத்தது வரிசை. ரம்பம் ஓடுகிற வழியில் கட்டியின் துணுக்குகளை நல்ல எலும்பின் மீது இழுத்துக்கொண்டே போகும். அதனால் சர்ஜன் வெட்டிய முனையின் மார்ஜினை, அதாவது வெட்டு விளிம்பை, கட்டியைத் தொடுவதற்கு முன்பே, சுத்தமான பிளேடால், எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். தசைப் பக்கத்து மார்ஜின்களுக்கு இங்க் தடவ வேண்டும். பிறகு கத்தியால் தசையையும் கொழுப்பையும் நீக்கிக்கொள்ளலாம், கட்டி வெளியே வந்திருக்கிற இடத்தைத் தவிர. அங்கே சதையை எலும்போடு சேர்த்தே விட வேண்டும், இல்லாவிட்டால் எதைப் பார்க்க அறுக்கிறோமோ அதையே பார்க்க முடியாமல் போகும். கொழுப்பை எடுப்பது வெறும் அழகுக்காக இல்லை. தளர்ந்த சதை பல்லில் சுற்றும், கொழுப்பு மேஜையில் வழிந்து எலும்பை வழுக்க வைக்கும், கீழே சொட்டி நிற்கிற காலையும் வழுக்கும்.

உறைய வைத்து அறுப்பதா, திசுவைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலினில் ஊற வைத்து அறுப்பதா, வந்தபடியே அறுப்பதா என்று கேட்டால் மூன்று லேபில் மூன்று பதில் வரும். உறைந்த கால் அறுக்க அருமையாக இருக்கும். சதையும் எலும்பும் ஒரே கட்டையாக நிற்கும், எதுவும் கிழியாது, ஆடாது. ஆனால் ஃபார்மலின் படாத திசுவை உறைய வைத்தால் செல்லுக்குள்ளேயும் நடுவிலேயும் பனிப் படிகம் உண்டாகி, ஸ்லைடில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அப்புறம் எது செத்த செல், எது பனி கெடுத்த செல் என்று திண்டாட வேண்டும். ஃபார்மலினுக்கும் ஒரு கணக்கு உண்டு: மென்மையான திசுவிலேயே மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே போகும், முழு எலும்பின் கார்டெக்ஸைத் தாண்டி நடு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளே அழுகத் தொடங்கிவிடும். என் வழக்கம், வந்த அன்றே அறுத்து, மரபணுச் சோதனைக்கு ஃபார்மலின் படாத ஒரு சின்னத் துண்டு எடுத்துவிட்டு, பிளந்த பாதிகளையும் ஸ்லாப்பையும் ஃபார்மலினில் போடுவது. திறந்த முகம் வழியாக அது சீக்கிரம் ஏறும். காசநோய் சந்தேகம் உள்ள முதுகெலும்பு மட்டும் விதிவிலக்கு. அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்குக் கொஞ்சம் எடுத்ததும், மீதி நன்றாக ஃபார்மலினில் ஊறிய பிறகுதான் ரம்பம். ஓடுகிற ரம்பம் காசநோய்க் கிருமியைக் காற்றில் தூவிவிடும், சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் அதைத் தடுக்காது. எதுவாக இருந்தாலும் ரம்பம் ஓடும்போது என்-95, முகத்தை முழுதாக மறைக்கிற ஷீல்டு, தண்ணீர் புகாத கவுன், காற்றைக் கீழே இழுக்கிற மேஜை. மூளையைத் தாக்கும் க்ரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் சந்தேகம் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, அதை உண்டாக்கும் பிரியான் என்ற புரதத்தை ஃபார்மலின் கொல்லாது, அதற்கென்று தனி நடைமுறை இருக்கிற இடத்தில்தான் தொட வேண்டும்.

எங்கள் லேபில் இன்னொரு ரம்பமும் உண்டு, கையில் பிடிக்கிற ஆஸிலேட்டிங் சா. மாவுக்கட்டு வெட்ட ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940களில் கொண்டுவந்த அதே தத்துவம். பிளேடு சுற்றாது, சில டிகிரி மட்டும் இப்படியும் அப்படியும் அசையும். கெட்டியானதை வெட்டும், தளர்ந்த தோல் கூடவே அசைந்து தப்பித்துக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு புதிதாக வருகிறவர்கள் "அப்ப இது கையை வெட்டாதா?" என்று கேட்பார்கள். வெட்டும். இறுக்கமான கையுறைக்குள் எலும்பின் மேல் விரைத்து நிற்கிற விரலுக்கும் மாவுக்கட்டுக்கும் அந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. தவிர, பிளேடின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு ஆழம்தான் இறங்கும், தடித்த எலும்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பி நான்கு பக்கமும் அறுத்தால் நான்கு வெட்டும் ஒரே தளத்தில் சேராது. மார்ஜின் எடுக்கவும் சின்ன எலும்புக்கும் அது, ஸ்லாப்புக்குப் பேண்ட் சா.

இப்போது மெஷின் முன்னால். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை உள்ளே போடு, தலைமுடியைக் கட்டு, கவுன் கை தளரக் கூடாது. இரண்டாவது ஆள் அறையில் இருக்க வேண்டும், அவர் வேலை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்பது மட்டுமே, பேச்சுக் கொடுப்பது இல்லை. மேல் கார்டை, அதாவது பிளேடை மறைக்கிற தடுப்பை, எலும்பின் உச்சிக்கு ஒரு விரற்கடை மேலே வரை இறக்கினால் வெட்டத் தேவையான பிளேடு மட்டும்தான் வெளியே தெரியும். எலும்பின் மேல் ஸ்கின் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். மெஷினை அணைத்து வைத்தபடியே ஒருமுறை எலும்பைப் பிளேடு வரை தள்ளிப் பார்ப்பேன், கை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று. கடைசிப் பத்து சென்டிமீட்டருக்கு விரல் வேண்டாம், தள்ளுகட்டை. இரண்டு கையும் பிளேடின் கோட்டுக்கு இரண்டு பக்கமாக இருக்க வேண்டும், ஒரு நொடிகூட நேர் எதிரே இருக்கக் கூடாது.

ஓட ஆரம்பித்ததும் காது உதவும். கார்டெக்ஸில் போகும்போது கீச்சென்று உயர்ந்த சத்தம், மஜ்ஜைக்குள் நுழைந்ததும் அது சட்டென்று இறங்கி மெத்தென்று ஆகும், கட்டி எலும்பாகவே கெட்டித்திருந்தால் சத்தம் இறங்காமல் அதே கீச்சு தொடரும். எதிர்ப்பக்கக் கார்டெக்ஸில் மறுபடி ஏறும்போது இனி கொஞ்சம்தான் என்று தெரிந்துவிடும், அவசரப்படுவது அங்கேதான், எதிர்ப்பு திடீரென்று விட்டுப்போய் கை முன்னால் பாய்வதும் அங்கேதான். நான் அந்த இடத்தில் வேண்டுமென்றே வேகத்தைப் பாதியாக்குவேன். சத்தம் கனத்தால், கருகின வாசனை வந்தால், தள்ளுவதை நிறுத்த வேண்டும். பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது தண்ணீர் போதவில்லை. மெல்லிய தண்ணீர் ஓட்டம் சூட்டையும் தூசியையும் அடக்கும். மழுங்கின பிளேடு மோசமானது, ஏனென்றால் அது நம்மை அழுத்தித் தள்ள வைக்கும்.

முதல் வெட்டில் எலும்பு இரண்டாகப் பிரிந்துவிட்டால் பாதிக் கவலை போச்சு. இப்போது நம்மிடம் தட்டையான முகம் இருக்கிறது. அதைப் பக்கப் பலகையில் ஒட்ட வைத்து, 5 மில்லிமீட்டருக்குப் பலகையை நகர்த்தித் தள்ளினால் ஸ்லாப் வந்துவிடும். அந்த முகத்தை முதன்முதலில் தண்ணீரில் கழுவித் திருப்பிப் பார்க்கிற நேரம் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. வெளுத்த, சுண்ணாம்பு மாதிரி இறுகின பகுதி, நடுவே ரத்தம் கட்டின குழிகள், மேலே மஞ்சள் மஜ்ஜை, வளர்ச்சித் தட்டு இருந்த இடத்தில் மெல்லிய கோடு. கழுவுவது பார்ப்பதற்கு மட்டும் இல்லை. ரம்பம் அரைத்த எலும்புத் தூள் மஜ்ஜைக் குழிகளில் அப்பிக்கொள்ளும், மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து ஓடும் தண்ணீரில் அலசாவிட்டால் மைக்ராஸ்கோப்பில் நீலமாகத் தூள் தூளாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும். அப்புறம் போட்டோ, ஸ்லாப்புக்கு ஒரு எக்ஸ்ரே, போட்டோவின் மேல் கட்டம் போட்டு எண். ஒரு நாளாவது ஃபார்மலினில் கிடந்த பிறகுதான் டீகால், அதாவது எலும்பின் சுண்ணாம்பைக் கரைப்பது. அதற்கு அமிலம் வேகம், இடிடிஏ என்ற ரசாயனம் நிதானம். சோதனைக்கு டிஎன்ஏ தேவைப்படலாம் என்றால் நிதானத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

கையுறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேருக்குத் தவறான தைரியம் இருக்கிறது. கம்பி வலைக் கையுறையும் வெட்டுத் தாங்கும் நூல் கையுறையும் கத்திக்கு நல்லவை, தசை நீக்கும்போது நானும் உள்ளே போட்டுக்கொள்கிறேன். ஓடுகிற பல்லுக்கு முன்னால் அதே கையுறை எமன். ரப்பர் கிழிந்துவிடும், விரலை விட்டுவிடும். வலை கிழியாது, பல்லில் மாட்டினால் கையையே உள்ளே இழுக்கும். மெஷினில் இரட்டை ரப்பர் கையுறை மட்டும். விரலைக் காப்பாற்றுவது தூரம்தான்.

இத்தனை வருஷத்தில் எங்கள் அறையில் ரத்தம் வந்தது இரண்டு முறை. இரண்டு முறையும் ரம்பம் ஓடவே இல்லை. ஒருமுறை, பழைய பிளேடைக் கழற்றும்போது அது இழுவிசை விட்டதும் விசுக்கென்று விரிந்து முன்கையில் கீறியது. இன்னொரு முறை, கழுவும்போது பல்லில் சிக்கிய சதையை விரலால் எடுக்கப் போனது, அது நான்தான். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள், அணைத்ததும் தளர்ந்துவிட்டேன். சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி, காயத்தைப் பிசையாமல், உடனே ரிஜிஸ்டரில் எழுதி, நோயாளியின் எச்ஐவி, ஹெபடைடிஸ் முடிவுகளைத் தேடி ஓடினோம். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், அதிலும் முடிந்தவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு இடமில்லை. நல்லவேளை, தேவைப்படவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பது வேறு.

அதற்கப்புறம் அண்ணன் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். மெஷினை அணைத்தால் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, ஒயரோடு கொண்டுவந்து, கழுவுகிறவர் கண் முன்னால் மேஜையில் வைக்க வேண்டும். பிளக் கண்ணில் படாதவரை யாரும் பிளேடைத் தொடக் கூடாது, துறைத் தலைவராகவே இருந்தாலும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கையில் பிரஷ்ஷோடு மெஷின் முன்னால் சும்மாவே நின்றுகொண்டிருந்தான். என்னப்பா, ஆரம்பிக்கலையா என்றேன். "பிளக் இன்னும் வரல மேடம்" என்றான்.